ஜான் பிரிட்டன்

ஜான் பிரிட்டன் (ஆகஸ்ட் 1, 1950 - செப்டம்பர் 5, 1995) நியூசிலாந்தைச் சேர்ந்த பொறியாளர், மோட்டார் சைக்கிள் வடிவமைப்பாளர் ஆவார். கிறைஸ்ட்சர்ச் நகரில், பெரும் தொழிற்சாலை எதன் துணையும் இன்றி, ஒரு சிறு நண்பர் குழுவுடன் இவர் உருவாக்கிய பிரிட்டன் வி1000 என்னும் பந்தய மோட்டார் சைக்கிள், உலகின் பெரிய நிறுவனங்களின் வண்டிகளைப் பந்தயங்களில் வென்றது. வேறொரு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளுக்குப் புதிய மேலுறை அமைப்பதில் தொடங்கிய இவரது முயற்சி, எஞ்சின் முதல் சக்கரம் வரை அனைத்தையும் புதிதாகச் செய்வதில் முடிந்தது.

இளமையும் கல்வியும்

பிரிட்டன் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தார். இவருக்கு இரட்டையராகப் பிறந்த சகோதரி ஒருவர் உண்டு. எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் இடர் தரும் டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இவருக்கு இருந்தது. ஆயினும் பொருள்களின் வடிவத்தை மனத்தில் காண்பதிலும், கையால் செய்து பார்ப்பதிலும் இவர் சிறுவயதிலேயே திறன் பெற்றிருந்தார். ஏறத்தாழ 13 வயதில், பள்ளம் ஒன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய இந்தியன் மோட்டார் சைக்கிளை நண்பர் ஒருவருடன் சேர்ந்து மீட்டுச் சீர்செய்தார். இந்தியன் என்பது ஓர் அமெரிக்க மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பெயராகும்.

பின்னர் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பயிற்சி வரைவாளராகப் பணியாற்றியபடியே, மாலை நேர வகுப்புகளில் இயந்திரப் பொறியியல் பயின்று சான்றிதழ் பெற்றார். அதன்பின் இங்கிலாந்து சென்று, நெடுஞ்சாலை வடிவமைப்புப் பணியில் சில காலம் ஈடுபட்டார். தாயகம் திரும்பிய பின் கனரக இயந்திரங்களை வடிவமைக்கும் பணியில் சேர்ந்தார்.

கண்ணாடிக் கலையும் கட்டடத் தொழிலும்

பிரிட்டன் முழுநேர மோட்டார் சைக்கிள் பொறியாளராக வாழ்வைத் தொடங்கவில்லை. கைவினைக் கண்ணாடி விளக்குகளைச் செய்து விற்பதை ஒரு தொழிலாக மேற்கொண்டார். இதற்கான உலைகளையும் தாமே கட்டினார். பழைய குதிரை லாயம் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துத் தமது இல்லமாக மாற்றினார். பின்னர் குடும்பத்தின் கட்டட நிர்வாகம், மேம்பாட்டுத் தொழிலை நடத்தினார். மோட்டார் சைக்கிள் ஆய்வுக்குத் தேவையான பணத்தின் ஒரு பகுதி இத்தொழிலிலிருந்தே வந்தது. இவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர்.

உலையில் பொருள்களைச் சூடேற்றி வடிவம் தரும் பழக்கமும், கண்ணாடிக் கலைஞருக்குரிய வடிவ உணர்வும் பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் பயன்பட்டன.

மேலுறையில் தொடங்கிய முயற்சி

மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் தாமே கலந்துகொண்ட பிரிட்டன், 1980களில் இத்தாலிய டுகாட்டி மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தம் விருப்பப்படி மாற்றியமைத்தார். காற்றைக் கிழித்துச் செல்லும் வகையில் புதிய மேலுறையை (ஃபேரிங்) அதற்கு வடிவமைத்தார். இவ்வண்டி ஏரோ-டி-சீரோ என அழைக்கப்பட்டது.

ஒரு மோட்டார் சைக்கிளின் மீது காற்று ஏற்படுத்தும் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. அத்தடையை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்காகிறது. எனவே மேலுறையின் வடிவம் வெறும் அலங்காரம் அன்று. அது எஞ்சினுக்கு இணையான ஓர் உறுப்பாகும். எனினும் எஞ்சினும் சட்டகமும் (சேஸி) பழையனவாக இருக்கும்போது மேலுறையை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் பயனுக்கு எல்லை உண்டு. அகன்ற எஞ்சினை மூடும் உறை ஒடுக்கமாக இருக்க இயலாது.

அடுத்ததாக உருவான ஏரோ-டி-ஒன் வண்டியில், கிறைஸ்ட்சர்ச்சிலேயே தயாரிக்கப்பட்ட டென்கோ எஞ்சினை இவர் பயன்படுத்தினார். இதில் உலோகக் குழாய்ச் சட்டகத்துக்கு மாற்றாகக் கூட்டு இழைப் பொருள்களால் ஆன சட்டகம் அமைந்தது. ஆனால் அந்த எஞ்சின் எதிர்பார்த்த நம்பகத்தன்மையைத் தரவில்லை. பிறர் செய்த எஞ்சினைச் சுற்றி வண்டியை அமைப்பதைவிட, தமக்கு வேண்டிய எஞ்சினைத் தாமே செய்வது என்னும் முடிவுக்குப் பிரிட்டன் வந்தார்.

பிரிட்டன் வி1000

புதிய எஞ்சின் பொருத்தப்பட்ட முன்னோடி வண்டிகள் 1980களின் இறுதியில் உருவாயின. 1992ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்காக வண்டி முழுவதும் மீண்டும் வடிவமைக்கப்பட்டது. பிரிட்டன் வி1000 எனப் பரவலாக அறியப்படுவது இவ்வடிவமே. மொத்தம் 10 வண்டிகள் மட்டுமே கட்டப்பட்டன.

இதன் எஞ்சின் 60 பாகை இடைவெளியில் அமைந்த இரு சிலிண்டர்களைக் கொண்டது. கொள்ளளவு 999 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் விட்டம் 98.9 மில்லிமீட்டர், உந்துதண்டின் (பிஸ்டன்) வீச்சு 65 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 11,800 சுழற்சியில் 166 குதிரைத்திறனை இது வெளியிட்டது. வண்டியின் எடை 138 கிலோகிராம்; உயர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 303 கிலோமீட்டர்.

இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சினே முதுகெலும்பாக அமைய, முன்பகுதியும் பின்பகுதியும் அதனுடன் நேரடியாக இணைக்கப்பட்டன. வழக்கமாக முன்சக்கரத்துக்குப் பின்னால் அகலமாக நிற்கும் ரேடியேட்டர், இருக்கைக்கு அடியில் வைக்கப்பட்டது. முன்புறத் துளைகள் வழியே நுழையும் காற்று, குழல்கள் மூலம் அதனை அடைந்தது. பின்சக்கரத்துக்கான அதிர்வுத் தாங்கி (ஷாக் அப்சார்பர்) எஞ்சினுக்கு முன்னால் பொருத்தப்பட்டது. இதனால் அதற்குக் குளிர்ந்த காற்று கிடைத்தது. ரேடியேட்டருக்கும் பின்புறம் இடம் கிடைத்தது. வண்டியின் ஒடுங்கிய உடலுக்கு இவ்விட மாற்றங்களே காரணம்.

பெரும்பாலான பந்தய வண்டிகளில் காணப்படும் தொலைநோக்கிக் குழாய் போன்ற முன் ஃபோர்க், தடை (பிரேக்) போடும்போது அமிழ்ந்து, வண்டியின் வடிவியலை மாற்றிவிடும். இதனைத் தவிர்க்கப் பிரிட்டன், கார்பன் இழையால் ஆன கர்டர் வகை முன் ஃபோர்க்கை இரு இணைப்புக் கைகளின் மீது அமைத்தார். கர்டர் ஃபோர்க் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த முறையாகக் கருதப்பட்டது. பார்ப்பவர்களுக்கு விந்தையாகத் தோன்றிய இவ்வுறுப்பு, தோற்றத்துக்காக அன்றி, செயல்பாட்டுக்காகவே சேர்க்கப்பட்டது. சக்கரங்களும் கார்பன் இழையாலேயே செய்யப்பட்டன.

மேலுறையின் மாதிரியை உருவாக்கப் பிரிட்டன் கணினியை நாடவில்லை. கம்பிகளை வளைத்து, சூடான பசையால் ஒட்டி, வண்டியின் மீதே வடிவத்தின் கூட்டை எழுப்பினார். கண்ணுக்கும் கைக்கும் நிறைவு தரும் வரை அக்கம்பிகளை மாற்றினார். பின்னர் அதிலிருந்து அச்சு எடுத்துக் கார்பன் இழைப் பகுதிகளை வார்த்தார். உலோக உறுப்புகள் சிலவற்றை வெப்பப் பதப்படுத்த வீட்டு உலையே பயன்பட்டது.

பந்தயங்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டேடோனா பந்தயத் தடத்தில், இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கான போட்டியில் பிரிட்டன் குழுவினர் தொடர்ந்து பங்கேற்றனர். 1991இல் அங்கு இரண்டாம் இடம் கிடைத்தது. 1992இல் ஆண்ட்ரூ ஸ்ட்ரவுட் ஓட்டிய புதிய வி1000, டுகாட்டியின் வண்டிகளை எளிதாக முந்தி முன்னணியில் சென்றது. எனினும் மின்னமைப்பில் ஏற்பட்ட பழுதால் பந்தயம் முடியுமுன்பே நின்றுவிட்டது. வெற்றி பெறாத இப்பந்தயமே பிரிட்டனை உலகறியச் செய்தது. 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் ஸ்ட்ரவுட் அதே தடத்தில் வெற்றி பெற்றார். 1995இல் பிரித்தானிய, ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளுக்கான உலகத் தொடரையும் அவர் வென்றார்.

1000 கன சென்டிமீட்டர் வரையிலான வண்டிகளுக்கான உலகச் சாதனைகளையும் வி1000 நிகழ்த்தியது. ஓட்டத்திலேயே ஒரு மைல் தொலைவைக் கடக்கும் சோதனையில் மணிக்கு 302.705 கிலோமீட்டர் வேகம் பதிவானது.

இம்முயற்சியில் இழப்பும் நேர்ந்தது. 1994இல் மாண் தீவில் நடைபெற்ற டி.டி. பந்தயத்துக்கான பயிற்சியின்போது, பிரிட்டன் வண்டியை ஓட்டிய வட அயர்லாந்து வீரர் மார்க் பார்மர் விபத்தில் உயிரிழந்தார்.

தோற்றமும் செயல்திறனும்

வேக மோட்டார் சைக்கிள்களின் தோற்றத்தை உரிமையாளர்கள் மாற்றியமைப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். அவ்வாறு மாற்றுகையில் வண்டியின் செயல்திறன் கெடுமா என்பது பழைய வினா. பிரிட்டனின் வண்டிகள் இவ்வினாவுக்குத் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

வி1000 வண்டியில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பணி உண்டு. முன்புறத் துளையை அழகுக்காக அடைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று செல்லாது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். இருக்கையின் பின்பகுதியை வெட்டிக் குறைத்தால் ரேடியேட்டருக்கு இடமிராது. முன் ஃபோர்க்கை வேறு வகைக்கு மாற்றினால் தடை போடும்போது வண்டியின் நடத்தை மாறும். பொதுவாகவும், அகலமான டயர் வண்டியைச் சாய்ப்பதைக் கடினமாக்கலாம். உயரம் குறைத்த வண்டியின் அடிப்பகுதி திருப்பங்களில் தரையைத் தொடலாம்.

ஆயினும் பிரிட்டனின் வாழ்க்கை, தயாரிப்பாளர் தந்த வடிவத்தைத் தொடவே கூடாது என்பதற்குச் சான்றன்று. இவரே பிறர் செய்த வண்டியை மாற்றித் தொடங்கியவர். நீல, இளஞ்சிவப்பு வண்ணங்களைத் தம் வண்டிக்குத் தேர்ந்த இவர் அழகை ஒதுக்கியவரும் அல்லர். ஓர் உறுப்பை மாற்றுமுன் அது அங்கே ஏன் இருக்கிறது என்பதை அறிந்து, அப்பணியை வேறு வழியில் நிறைவேற்றிய பின்னரே இவர் அதனை நீக்கினார். ரேடியேட்டரை மறைக்கவில்லை, இடம் மாற்றினார். சட்டகத்தை வெட்டவில்லை, அதன் வேலையை எஞ்சினிடம் ஒப்படைத்தார்.

மறைவு

1995ஆம் ஆண்டு பிரிட்டனுக்குத் தோல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஸ்ட்ரவுட் உலகத் தொடரை வென்ற அதே ஆண்டில், செப்டம்பர் 5ஆம் நாள், தமது 45ஆம் வயதில் இவர் காலமானார். முன்பே திட்டமிடப்பட்ட எஞ்சிய வண்டிகளை இவரது குழுவினர் பின்னர் கட்டி முடித்தனர்.

நினைவுகள்

வி1000 வண்டிகளுள் ஒன்று, வெலிங்டன் நகரிலுள்ள நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவில் இடம்பெற்றுள்ளது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பார்பர் மோட்டார் விளையாட்டு அருங்காட்சியகத்திலும் ஒரு வண்டி உள்ளது. கிறைஸ்ட்சர்ச்சிலுள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவரது வாழ்க்கை குறித்து நூலும் ஆவணப்படங்களும் வெளிவந்துள்ளன.