சதுரங்க மாவீரர் சுல்தான் கான்

உறுதியான அடித்தளத்தின் மீது எழுப்பப்படும் மாளிகையே காற்றுக்கும் மழைக்கும் அசையாது நிற்கும். சதுரங்க ஆட்டத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். முதல் பத்து நகர்த்தல்களில் தடுமாறுபவர், பின்னர் எத்துணை அறிவைச் செலவிட்டாலும் மீள்வது அரிது. தொடக்க ஆட்டத்தைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருந்தும், உலக வீரர்களை வென்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே மீர் சுல்தான் கான். அவருடைய வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

சுல்தான் கான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில் மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தம் தந்தையாரிடம் சதுரங்கம் பயின்றார். அவர் பயின்றது பழைய இந்திய முறை ஆட்டமாகும். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் அரசனுக்குக் கோட்டை கட்டும் வழக்கமும் அதில் இல்லை. எனவே ஆட்டம் மெல்லத் தொடங்கி, பொறுமையுடன் வளரும்.

செல்வரான சர் உமர் ஹயாத் கான் இவருடைய திறமையைக் கண்டு ஆதரவளித்தார். ஐரோப்பிய விதிகளையும் பயிலச் செய்தார். 1928ஆம் ஆண்டில் சுல்தான் கான் அனைத்திந்தியப் போட்டியில் வாகை சூடினார். மறு ஆண்டு அவருடன் இலண்டன் மாநகர் சென்றார்.

அங்கே பெருஞ்சோதனை காத்திருந்தது. ஐரோப்பிய வீரர்கள் தொடக்க ஆட்ட வகைகளை நூல்கள் வழி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். சுல்தான் கானுக்கோ அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. குளிரும் மலேரியாக் காய்ச்சலும் அவரை வாட்டின. முதலில் ஆடிய சிறு போட்டியில் அவர் பின்தங்கினார். அப்போது வில்லியம் வின்டர், பிரெட் யேட்ஸ் என்னும் ஆங்கில வீரர்கள் இருவர் அவருக்குத் தொடக்க ஆட்டத்தைக் கற்பித்தனர். தமக்கே போட்டியாளராக வரக்கூடிய ஒருவருக்கு அவர்கள் உதவியது போற்றத்தக்கது.

சில திங்களே பயின்ற அவர் எல்லா வகைகளையும் மனப்பாடம் செய்ய இயலுமா? இயலாது. ஆகவே சிக்கலான வழிகளை விடுத்து, அமைதியான, நம்பத்தகுந்த வழிகளையே அவர் பெரிதும் நாடினார். சிப்பாய்களால் நடுக்கட்டங்களைக் காத்து, குதிரைகளையும் மந்திரிகளையும் ஒழுங்காக வெளிக்கொணர்ந்து, இடர் நேராத நிலையை அடைவார். அதன்பின் தம் சொந்த அறிவின் துணைகொண்டு ஆடுவார். இறுதிக் கட்ட ஆட்டத்தில் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே.

இதன் பயனாக, 1929ஆம் ஆண்டு ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தை வென்று யாவரையும் வியப்பில் ஆழ்த்தினார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது. 1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வாகையர் காபாபிளாங்காவை 65 நகர்த்தல்களில் தோற்கடித்தார். மூன்று ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடிய பெருமையும் அவருக்குண்டு.

1933ஆம் ஆண்டின் இறுதியில் அவர் உமர் ஹயாத் கானுடன் தாயகம் திரும்பினார். அத்துடன் அவருடைய பன்னாட்டு ஆட்ட வாழ்வு முடிவுற்றது. ஐந்தே ஆண்டுகளில் உச்சியைத் தொட்ட அவர், பின்னர் வேளாண்மை செய்து அமைதியாக வாழ்ந்தார். 1966ஆம் ஆண்டு மறைந்தார். 2024ஆம் ஆண்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. காலந்தாழ்ந்து வந்தாலும் தகுதிக்குரிய சிறப்பே அது.

அன்பு மாணவர்களே! பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் ஆடும் நாம் இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது யாது? பத்து வகைத் தொடக்கங்களை அரைகுறையாக அறிவதைவிட, எளிய ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வொரு காயும் ஏன் அங்குச் செல்கிறது என உணர்ந்து பயில்வதே சிறப்பு. நடுக்கட்டங்களைக் காப்போம், காய்களை விரைந்து வெளிக்கொணர்வோம், அரசனைப் பாதுகாப்போம். எதிரி புதுமையாக ஆடினாலும் கலங்காது, பொறுமையுடன் சிந்திப்போம். சுல்தான் கானைப் போல நாமும் உயர்வோம்!