கடல் கடந்த இல்லறம்

ஓதல், தூது, பொருள் முதலியன காரணமாகத் தலைவன் பிரியும் பிரிவுகளை வகுத்துரைத்த தொல்காப்பியனார், கடல் கடந்து செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று வரையறுத்தனர். அவ்வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. ஆடவன் கலமேறினான், மனையாள் கரையில் நின்றாள். அவ்வாறன்றி, மணமுடித்த மறுமாதமே மனைவியாரோடு கலமேறித் தொலைநாட்டில் அறுபதாண்டுக்கு அணித்தாக இல்லறம் நடாத்திய தமிழ்ப் பெருமகனார் ஒருவர் வரலாற்றை, நம் சங்கத்துக் குடும்பத்தினர்க்கு இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் வானநூற் பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரர். அவர் நம் குலத்தவர் அல்லர். எனினும் கற்றோர் எக்குலத்திற் பிறப்பினும் எல்லார்க்கும் உறவினரேயாவர்.

சந்திரசேகரர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் இலாகூர் நகரிற் பிறந்தனர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவல் பார்த்தவர். அன்னையார் சீதாலட்சுமி அம்மையார், இல்லத்தில் மனைவிக்குரிய நிலை யாதென வினவும் இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய கல்வியுடையவர். தந்தையின் இளவலே சர். சி. வி. இராமன். அவர் 1921-இல் கப்பலிற் சென்றபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலங்கண்டு வியந்து, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். அவ்வாராய்ச்சியே பின்னர் அவர்க்கு நோபெல் பரிசு கிட்டுதற்கு வழிகோலிற்று. அக்கடலே தமையன் மகனார் வாழ்விலும் இருமுறை திருப்பம் நிகழ்தற்கு இடமாயிற்று.

1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. ஈராண்டு கழித்து, கணித மேதை இராமானுசர் மறைந்த செய்தியை அன்னையார் மைந்தர்க்குச் சொன்னார். இராமானுசர் இளமையிற் சிலகாலம் நம் காஞ்சிமாநகரில் தாய்வழிப் பாட்டனாருடன் இருந்து பள்ளி சென்றவர் என்பதை நம்மவர் மறத்தலாகாது. எளிய குடும்பத்திற் பிறந்த ஒரு தமிழர் உலகறிந்த அறிஞரானார் என்னும் அச்செய்தி, ஒன்பது வயதுச் சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930-இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்சு செல்லும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டிற்று. அப்பொழுது அன்னையார் கடும் பிணியுற்றுப் படுக்கையில் இருந்தார். போகாதிருத்தலே நன்றென்று உறவினர் கூறினர். அன்னையாரோ, மகன் தமக்கு மட்டும் உரியவன் அல்லன் எனக் கருதி, அவரைப் போகவே பணித்தார். சூலைத் திங்கள் முடிவில் பம்பாயிற் கலமேறிய மைந்தர் தாயின் முகத்தை மீண்டும் காணவில்லை. 1931 மே மாதம் அன்னையார் காலமானார்.

அக்கப்பற் பயணத்திலேதான், பத்தொன்பது வயது இளைஞராய், எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன்களின் இறுதிநிலையைக் கணக்கிட்டார் சந்திரசேகரர். அத்தகைய விண்மீன் வெண்குறுமீனாய் நிலைபெறுதற்கு ஓர் எடை வரம்பு உண்டு; அவ்வரம்பு கடந்தது நிலைகொள்ளாது மேன்மேலும் ஒடுங்கும் என்பது அவர் கண்ட முடிபு. ஞாயிற்றின் எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வரம்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயின் 1935 சனவரி 11-ஆம் நாள் இலண்டன் வானநூற் கழகத்தில் அவர் இதனை விளக்கியபோது, அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் எழுந்து அவையோர் நகைக்கும்படி மறுத்துரைத்தார். சந்திரசேகரர் வழக்காடிக் காலங் கழிக்கவில்லை. பிறிதொரு துறையில் உழைக்கத் தொடங்கினார்.

ஆறாண்டுகட்குப் பின், 1936-இல் அவர் தாயகம் வந்தார். மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா அம்மையாரை அவ்வாண்டு செப்டம்பரில் மணந்தார். அம்மையார் இளங்கைம்பெண்களின் கல்விக்கு உழைத்த சகோதரி சுப்புலட்சுமியாரின் உறவினர், இயற்பியல் கற்றவர், பள்ளித் தலைமையாசிரியையாயிருந்து தாமே பொருளீட்டியவர். பெற்றோரே மணம் பேசிவந்த அந்நாளில் இருவரும் தாமே தெரிந்து செய்துகொண்ட மணம் அது.

அவ்வருகையின்போது சந்திரசேகரர் மற்றுமொரு கடமையும் முடித்தார். இராமானுசரை ஆதரித்த ஹார்டி என்னும் ஆங்கிலப் பேராசிரியர், அவருடைய உருவப்படம் ஒன்று தேடித் தருமாறு கேட்டிருந்தார். சந்திரசேகரர் இராமானுசரின் மனைவியார் சானகி அம்மையாரைச் சென்று கண்டு, கடவுச்சீட்டில் இருந்த சிறு படத்தைப் பெற்றார். இன்று நாம் எங்கும் காணும் இராமானுசர் திருவுருவம் அதுவே.

இங்கே சிறிது நின்று எண்ணுதல் தகும். 1914-இல் இராமானுசர் கலமேறியபோது இளமனைவியார் மாமியாருடன் விடப்பட்டார். ஐந்தாண்டு கழித்துக் கணவர் பிணியுடன் மீண்டார், ஓராண்டில் மறைந்தார். சானகி அம்மையார் தையற்றொழில் செய்து, 1994-இல் இறக்கும் வரை எழுபது ஆண்டுகட்கு மேல் கணவரை இழந்தவராய் வாழ்ந்தனர். அவ்வம்மையாரைக் கண்டு வந்த அதே ஆண்டில், சந்திரசேகரர் தம் மனைவியாரை உடன்கொண்டு கப்பலேறினார்.

அக்டோபரிற் பம்பாயை நீங்கிய மணமக்கள் செங்கடலும் சூயசுக் கால்வாயும் கடந்து மத்தியதரைக் கடல் புக்கனர். இத்தாலி அபிசீனியாவைக் கவர்ந்துகொண்டதும், ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அவ்வாண்டிலேயே. முன்னொருகால் தாயை நோய்ப்படுக்கையில் விட்டுத் தனியே கடந்த நீர்ப்பரப்பை இப்பொழுது துணையோடு கடந்தார் சந்திரசேகரர். கேம்பிரிட்சிற் சின்னாள் தங்கிப் பின் அட்லாண்டிக் கடலையும் கடந்து, 1936 டிசம்பரில் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்து யெர்க்சு வானாய்வுக்கூடம் சேர்ந்தனர். கடுங்குளிர்க்காலம், பனி மூடிய சிற்றூர், தமிழ் பேசுவார் இலர், மரக்கறி உணவு உண்பார் அரியர்.

ஆங்கும் இடர் இல்லாமலில்லை. மேனி நிறம் கருதி, சிகாகோப் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் விரிவுரை ஆற்றுவதைத் துறைத்தலைவர் ஒருவர் விரும்பவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்சு தலையிட்டு அத்தடையை நீக்கினார். பின்னர் யெர்க்சிலிருந்து எண்பது மைல் தொலைவு மோட்டாரில் சிகாகோ சென்று பாடம் நடத்திவந்தார் சந்திரசேகரர். ஒரு பருவத்தில் மாணாக்கர் இருவரே எஞ்சினர் என்பர்; அவ்விருவரும், சீன நாட்டவரான லீயும் யாங்கும், 1957-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆசிரியர்க்கு அப்பரிசு 1983-இலேதான் வந்தது. இளமையில் நகைக்கப்பட்டவர் அரை நூற்றாண்டு பொறுத்திருந்தார்.

லலிதா அம்மையார் அந்நாட்டில் தமது இயற்பியற் படிப்பைத் தொடரவில்லை. கணவர் நாடோறும் நெடுநேரம் எழுத்திலும் கணக்கிலும் ஆழ்ந்திருக்க, வீட்டையும் விருந்தினரையும் தனிமையையும் அவரே தாங்கினார். மக்கட்பேறும் இல்லை. நோபெல் பரிசின்போது எழுதிய தன்வரலாற்றில் சந்திரசேகரர் மனைவியாரின் பொறுமையையும் ஆதரவையும் தம் வாழ்வின் நடுநாயகமாகக் குறித்தார். அப்புகழுரை உண்மையே, எனினும் அம்மையார் கைவிட்ட கல்வியின் விலை அதனால் ஈடாயிற்றென்று கொள்ளுதற்கு எம் மனம் இசையவில்லை.

சானகி அம்மையாரை அவர்கள் மறந்தாரல்லர். கணவர்க்குச் சிலை எழுப்புவதாகக் கூறப்பட்ட உறுதிமொழி நிறைவேறவில்லை என்று முதுமையில் அவ்வம்மையார் வருந்தியதறிந்து, பன்னாட்டுக் கணித அறிஞர் பொருள் திரட்டி வெண்கலத் தலையுருவம் வார்ப்பித்தனர். சந்திரசேகரரும் லலிதா அம்மையாரும் அதற்குத் துணை நின்றனர். 1936-இற் பெற்ற அச்சிறு படமே அவ்வுருவத்திற்கு மூலமாயிற்று.

சந்திரசேகரர் 1995 ஆகத்து 21-ஆம் நாள் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பெற்ற வானாய்வுக்கூடம் ஒன்றிற்குச் சந்திரா என்று அவர் பெயரையே சூட்டினர். அதனையும் கண்டு, நூறாண்டு கடந்து வாழ்ந்து, லலிதா அம்மையார் 2013-இல் மறைந்தனர்.

நம் ஊர்த் தறியிற் கோர்வைச் சேலை நெய்யுங்கால், உடலும் கரையும் இணைதற்குத் தறியிலிருப்பவர் ஒருவர் போதார். அருகிருந்து கரைநாடாவைத் தள்ளும் துணைக்கை வேண்டும். சேலை விலைபோகும்போது அக்கையின் பெயரை எவரும் கேட்பதில்லை. நம் இல்லங்களில் இன்று பிள்ளைகள் கடல் கடக்கின்றனர். பெண்களும் உயர்கல்வி கற்கின்றனர். சம்பந்தம் பேசும்பொழுது மணமகன் ஊதியத்தை வினவும் நாம், மணமகள் கற்ற கல்வி அந்நாட்டில் என்னாகும் என்பதனையும் வினவுதல் வேண்டும். மனைவியைக் கரையில் நிறுத்திச் செல்லும் வழக்கம் ஒழிந்தது நன்று. உடன் செல்பவள் தன் கல்வியைக் கரையில் விட்டுச் செல்லாதவாறு செய்தல், இனி நம் குடும்பத்துப் பெரியோர் கடனாகும்.