கற்ற கடன் தீர்த்த கல்வி வள்ளல் ராஷ் பிகாரி கோஷ்

கல்வி பெற்றோர் பலர். பெற்ற கல்விக்குக் கைம்மாறு செய்தோர் சிலர். பட்டம் பெற்று வாயிலைக் கடந்த மாணவன், பல ஆண்டுகள் கழித்துத் தன் செல்வத்தோடு அவ்வாயிலுக்கே திரும்பி வருவது எதனால்? நன்றியுணர்வு ஒன்றே அதற்குப் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரான சர் ராஷ் பிகாரி கோஷின் வாழ்வை அறிதல் நலம். விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ் வேறு, இவர் வேறு.

1845ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள், வங்காளத்தின் பர்த்துவான் மாவட்டத்தைச் சேர்ந்த தோரேகோனா என்னும் சிற்றூரில் பிறந்தார் கோஷ். பர்த்துவானில் பள்ளிக் கல்வி முடித்துக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றார். ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டத்தை முதல் வகுப்பில் பெற்றார். சட்டமும் கற்று, 1867இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். தொடக்கத்தில் வருவாய் குறைவாகவே இருந்தது. ஆயினும், வழக்கு வாராத நாட்களையும் நூல் கற்கும் நாட்களாக்கிக்கொண்டார். 1875-76இல் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டப் பேராசிரியராக அமர்ந்து, அடைமானச் சட்டம் குறித்து அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் நூலாகி, நீதிமன்றங்கள் மதிக்கும் ஆதார நூலாயின. 1884இல் பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்தில் முனைவர் பட்டம் வழங்கியது. புகழோடு பெருஞ்செல்வமும் அவரை நாடி வந்தது.

1905ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் வேந்தர் கர்சன் பிரபு ஆற்றிய உரை, கீழ்நாட்டாரின் வாய்மையைக் குறைத்துப் பேசுவதாக அமைந்தது. கற்றோர் உள்ளம் புண்பட்டது. கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய கண்டனக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் கோஷே. அடுத்த ஆண்டில், அரசின் பிடியிலிருந்து விலகிய கல்விக்காகத் தேசியக் கல்விக் கழகம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராகவும் அவரே விளங்கினார். 1907இல் சூரத்தில் குழப்பத்தில் கலைந்த காங்கிரசுக்கும், 1908இல் நம் சென்னை மாநகரில் கூடிய காங்கிரசுக்கும் அவரே தலைவர்.

பல்கலைக்கழகத்தை அடிமைகளை உருவாக்கும் கூடம் என்று பழித்துப் பலர் புறக்கணித்த காலம் அது. புறக்கணித்தோர் அமைத்த மாற்றுக் கழகத்தின் தலைவரே, பின்னர் அப்பல்கலைக்கழகத்திற்கு வாரி வழங்கினார் என்பது வியப்பன்றோ? அதற்குரிய காரணங்களை அவர்தம் செயல்களிலேயே காணலாம்.

முதற்காரணம், கேட்டவர்பால் கொண்ட நம்பிக்கை. 1906 முதல் 1914 வரை துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி, இளமையில் கோஷிடம் சட்டத் தொழில் பயின்றவர். ஆராய்ச்சிக்குரிய அறிவியல் கல்லூரி ஒன்றை நிறுவ அவர் முயன்றார். அரசின் கை அதற்குத் தாராளமாக நீளவில்லை. 1912இல் வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் பெருநிதி அளித்தார். அதனைத் தொடர்ந்து 1913இல் கோஷ் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார்.

இரண்டாவது காரணம், கொடையின் நோக்கம் தெளிவாயிருந்தமை. பயன்முறைக் கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல் ஆகிய நான்கு பேராசிரியர் பதவிகளும், எட்டு ஆய்வு மாணவர் உதவித்தொகைகளும் அந்நிதியால் அமைந்தன. மூன்றாவது, தன்மானம். அப்பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமர்தல் வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். 1905இல் கண்டனமாக எழுந்த உணர்வு, 1913இல் ஆக்கமாக மலர்ந்தது எனலாம்.

1914இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும் அங்கு இளம் ஆசிரியர்களாகப் பணியேற்றனர். தமிழ்நாட்டில் பிறந்த சர் சி. வி. இராமன், அரசின் நிதித்துறைப் பதவியைத் துறந்து, 1917இல் பாலித் பேராசிரியராகச் சென்றதும் இக்கல்லூரிக்கே. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அவருக்கு, முழுநேர அறிவியல் வாழ்வைத் தந்தது ஒரு கொடையாளர் நிறுவிய பதவியே என்பதை மறத்தல் ஆகாது.

முதற்கொடை பயன் தந்ததைக் கண்ணுற்ற கோஷ், 1919இல் மீண்டும் 11 இலட்சத்திற்கும் மேற்பட்ட தொகையைத் தொழில்நுட்பக் கல்விக்கென அளித்தார். கொடுத்தது வீண்போகாமையே மீண்டும் கொடுக்கத் தூண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவர் மறைந்தபோது, தேசியக் கல்விக் கழகத்திற்கும் உயில் வழியே பெருந்தொகை சேர்ந்தது. அக்கழகமே வளர்ந்து, 1955இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று. இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற கல்வி நிலையங்களை ஒருவர் கொடையே இணைத்தது.

மாணவச் செல்வங்களே! பழைய மாணவரின் கொடை, பட்டமளிப்பு நாளில் தோன்றுவதன்று. வகுப்பறையில் ஆசிரியர் காட்டும் பரிவிலும், கல்விக்கூடம் பேணும் நேர்மையிலும் அது விதையாக ஊன்றப்படுகிறது. கற்ற இடத்தின் குறையை எடுத்துரைக்கும் துணிவும், அக்குறையைத் தீர்க்கும் ஈகையும் ஒருவரிடமே அமைதல் அரிது. கோஷ் இரண்டும் பெற்றிருந்தார். பொறுப்பிலிருப்போர் நம்பிக்கைக்கு உரியவராக நடப்பாராயின், வாயிலைக் கடந்து சென்ற மாணவர் மீண்டும் வருவர், வெறுங்கையோடு வாரார்.