எதிராளியின் மனக்கணக்கு அறிந்த ராமானுஜர்

மைசூரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது மேல்கோட்டை. ரயிலில் போகிறவர்கள் பாண்டவபுரத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பங்குனி மாத வைரமுடி சேவைக்கு தமிழ்நாட்டில் இருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கன்னடர்கள் இங்குள்ள பெருமாளை செலுவநாராயணன் என்கிறார்கள். தமிழர்களுக்கு அவர் திருநாராயணன். கன்னட நாட்டு மலையில் தமிழ்ப் பிரபந்தம் ஓதப்படுகிறது.

அதற்குக் காரணம், சோழ நாட்டில் இருந்து தப்பி வந்த ஒரு துறவி. நம்மில் பலர் பிழைப்பு தேடி இந்த மாநிலத்துக்கு வந்தவர்கள். அவரோ உயிர் பிழைக்க வந்தவர்.

அவர்தான் ராமானுஜர்.

ஆடுபுலிக் கணக்கு

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நம் காயை எங்கே வைப்பது என்று யோசித்தால் மட்டும் போதாது. அதற்குப் பிறகு எதிராளி என்ன செய்வான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதையே பெரிய கணிதமாக்கி வான் நியூமன், மார்கென்ஸ்டெர்ன் என்ற இரு அறிஞர்கள் 1944-ம் ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஆட்டக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். 1950-ம் ஆண்டு ஜான் நாஷ் என்ற அமெரிக்கர், பேரம் பேசும் இருவர் எந்த இடத்தில் ஒத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பேச்சு முறிந்தால் யார் கதி என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. சம்பளப் பேச்சு வார்த்தைக்குப் போன தொழிற்சங்கத்தாருக்கு இது புதிதல்ல. நாஷுக்கு 1994-ம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ராமானுஜர் காலத்தில் இந்தக் கணிதம் இல்லை. ஆனால், அவர் வாழ்க்கையாகச் சொல்லப்படுகிற சம்பவங்களில் இந்தக் கணக்கு அடிக்கடி வருகிறது.

பதினெட்டு நடை

அவர் 1017-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார். யாதவப்பிரகாசர் என்ற குருவிடம் படித்தார். குருவின் விளக்கம் தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னதால் பகை வளர்ந்தது. காசி யாத்திரைக்கு அழைத்துப் போய் கங்கையில் தள்ளிவிட ஏற்பாடு நடந்தது. தம்பி முறையான கோவிந்தன் ரகசியமாக எச்சரிக்கவே, வழியில் காட்டுக்குள் இறங்கித் தப்பினார்.

பிறகு துறவியாகி ஸ்ரீரங்கம் சேர்ந்தார். மந்திரத்தின் பொருளை அறிய திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார். வெளியே சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு நம்பி உபதேசித்தார். ராமானுஜரோ நேரே கோயிலின் மேலே ஏறி, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். நம்பி கோபத்தோடு கேட்டபோது, நரகம் போவது தான் ஒருவன், கரையேறுவது இத்தனை பேர் என்று கணக்குச் சொன்னார். நம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. கட்டித் தழுவிக்கொண்டார்.

உடை மாற்றம்

சோழ மன்னன் சைவத்தில் தீவிரமானவன். சிவனே பரம்பொருள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுமாறு ராமானுஜருக்கு ஆள் அனுப்பினான். இது எந்தச் சோழன் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுபடவில்லை.

கையெழுத்துப் போட்டால் கொள்கை போகும். மறுத்தால் உயிர் போகும். சீடர் கூரத்தாழ்வான் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு சபைக்குப் புறப்பட்டார். வயது முதிர்ந்த பெரிய நம்பியும் கூடப் போனார். ராமானுஜர் வெள்ளை உடையில் மேற்கே கிளம்பினார்.

அரசவையில் கூரத்தாழ்வானின் சீடனான நாலூரானே அவருக்கு எதிரியானான். கூரத்தாழ்வானும் பெரிய நம்பியும் கண்களை இழந்தார்கள். பெரிய நம்பி ஊர் திரும்பும் வழியிலேயே இறந்தார்.

டெல்லி பேரம்

இங்கே ஒய்சள மன்னன் பிட்டிதேவன் ராமானுஜருக்கு ஆதரவு தந்தான். அவனே விஷ்ணுவர்த்தனன். பாண்டவபுரம் அருகே தொண்டனூரில் தங்கிய ராமானுஜர், பின்னர் மேல்கோட்டையில் புதருக்குள் மறைந்து கிடந்த திருநாராயணனைக் கண்டெடுத்து கோயிலைச் சீர்படுத்தினார். மூலவர் கிடைத்தார். உற்சவர் இல்லை. அது டெல்லி சுல்தான் அரண்மனையில் இருப்பதாகத் தெரிந்தது.

டெல்லி சுல்தான்களின் ஆட்சி 1206-ம் ஆண்டுதான் தொடங்கியது. ராமானுஜர் மறைந்தது 1137 என்பது மரபு. ஆகவே, இதை அப்படியே சரித்திரமாக ஏற்க முடியாது. ஆனால், கதையில் வரும் பேரம் கவனிக்கத் தக்கது.

சுல்தானுக்கு அந்தச் சிலை கொள்ளைப் பொருள்களில் ஒன்று. தேடி எடுத்துக்கொள்ள உடனே சம்மதித்தான். குவியலில் சிலை இல்லை. அது சுல்தான் மகளின் அறையில், அவள் கொஞ்சி விளையாடும் பொம்மையாக இருந்தது. தகப்பனுக்கு ஒன்றுமில்லாதது மகளுக்கு உயிர். ராமானுஜர் செல்வப்பிள்ளை என்று அழைத்ததும் சிலை தானே நடந்து வந்தது என்கிறது கதை. பிரிய முடியாத அந்தப் பெண்ணும் பின்னாலேயே மேல்கோட்டை வந்தாள். பீபி நாச்சியாராக அவளுக்கு அங்கே பூஜை நடக்கிறது. ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்றதாகக் கதை முடியவில்லை.

மூன்று நாள்

திரும்பும் வழியில் ஆபத்து வந்தபோது, சிலையைக் காப்பாற்ற உதவியவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். ராமானுஜர் அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டி, ஆண்டுக்கு மூன்று நாள் மேல்கோட்டை கோயிலுக்குள் வரும் உரிமை வாங்கித் தந்தார்.

ஏன் மூன்று நாள்? ஏன் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இல்லை? இந்தக் கேள்வி நியாயமானது. கோயிலை நடத்துகிறவர்கள் எதுவரை பொறுப்பார்கள், எங்கே முறித்துக்கொள்வார்கள் என்று அவர் அளந்திருக்க வேண்டும். தான் போன பிறகும் நிற்கிற உரிமையாக அது இருக்கவேண்டுமே! அது நின்றது. ஆங்கிலேயர் காலத்து மைசூர் கெஜட்டியரிலும் அந்த உரிமை பதிவாகியிருக்கிறது. ஆனால், மீதி நாட்களுக்குக் கதவு திறக்க பல நூறு ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்கக் கூடாது.

பிரியாவிடை

பன்னிரண்டு ஆண்டு கழிந்தது. சோழன் இறந்த செய்தி வந்தது. ராமானுஜர் ஸ்ரீரங்கம் திரும்ப எண்ணினார். மேல்கோட்டை சீடர்கள் விடவில்லை. அவர் தன்னைப் போலவே ஒரு சிலை செய்வித்து அவர்களிடம் விட்டுப் போனார். தமருகந்த திருமேனி என்ற அந்தச் சிலையை இன்றும் அங்கே தரிசிக்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் கண் இழந்த கூரத்தாழ்வானைக் கண்டு கலங்கினார். காஞ்சி வரதராஜப் பெருமாளிடம் கண் பார்வை கேட்கும்படி அவரை அனுப்பினார். வேறு எதைக் கேட்பான் மனிதன்?

கூரத்தாழ்வான் வரதன் முன் நின்றார். தன் கண் போகக் காரணமான நாலூரானுக்கும், தனக்குக் கிடைக்கும் அதே மோட்சம் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார்.