தாளமுத்துவுக்கு முன் இறந்த நடராசன்

சென்னை எழும்பூரிலுள்ள தாளமுத்து நடராசன் மாளிகையின் பெயரை ஒரே மனிதருடையதென எண்ணுவோர் இன்றும் உளர். அவர்கள் இருவர். முதலில் மாண்டவர் நடராசன், சென்னையைச் சேர்ந்த தலித் இளைஞர்.

1938இல் இராசாசி தலைமையிலான சென்னை மாகாண அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்து மறியல் செய்த நடராசன் டிசம்பர் 5 அன்று கைதானார், சிறைத்தண்டனையும் பெற்றார். டிசம்பர் 30 அன்று நோயுற்ற நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மன்னிப்பு எழுதித் தந்தால் விடுதலை கிடைக்கும் என்ற நிலையிலும் அவர் இணங்கவில்லை என்று இயக்க வரலாறுகள் பதிவு செய்கின்றன. 1939 சனவரி 15 அன்று இறந்தார். கைதானதிலிருந்து 41 நாட்கள்.

அவருடைய உறுதியைப் போற்றும் நாம், நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கும் அரசைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஓர் உடலைப் பூட்டி வைத்தவருக்கே அதன் நோயைத் தீர்க்கும் கடமையும் உண்டு. அது சலுகையன்று.

பிப்ரவரி 13 அன்று கைதான தாளமுத்துவும் மார்ச் மாதத்தில் சிறைவாசத்தின்போதே மாண்டார். சிறைக்கு வரும்போதே அவர் நலமின்றி இருந்தார் என்று அரசு கூறியது. அந்தக் கூற்று அரசுக்கே எதிரான சாட்சியம். 1894ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குற்றவியல் கைதி எவரையும் சிறையில் சேர்த்தவுடன் கூடிய விரைவில் மருத்துவர் சோதிக்க வேண்டும். உடல்நிலை, காயங்கள், கடுங்காவல் எனில் எவ்வகை வேலைக்குத் தகுதியானவர் என்பவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நோயாளி என்று தெரிந்த பின் பொறுப்பு கூடுமேயன்றிக் குறையாது.

கள்ளக்குறிச்சியில் இப்பதிவேட்டை நினைவூட்டக் காரணம் உண்டு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர் செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டுள்ளனர். தெலுங்கு அறியாத ஒருவர் நெஞ்சு வலியை அங்குள்ள மருத்துவரிடம் எவ்வாறு விளக்குவார்? மலையிலிருந்து மாநில எல்லை தாண்டிச் சென்று விசாரிக்க எத்தனை குடும்பங்களால் இயலும்? வழக்கு எண்ணைத் தேடி அலையும் தோழர்கள், உள்ளே சென்ற நாளில் அவருடைய உடல்நிலையைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். எதுவும் எழுதப்படவில்லையெனில் அதையும் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தின் முன் வைக்கலாம்.

நடராசனின் இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளானோர் நடந்தனர். அண்ணா இரங்கலுரை ஆற்றினார். அவருடைய கல்லறை மூலக்கொத்தளத்தில் உள்ளது. பின்னர் தாளமுத்துவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கட்டாய இந்தி ஆணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.