எர்னஸ்ட் வில்லியம் ஹே குரோவ்ஸ்

எர்னஸ்ட் வில்லியம் ஹே குரோவ்ஸ் (1872 - 1944) இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆவார். முழங்காலில் அறுந்துபோன குறுக்குத் தசைநாருக்குப் பதிலாக, நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த பட்டை ஒன்றைப் பொருத்தும் முறையை 1917 இல் வெளியிட்டார். மனிதருக்கென வகுக்கப்பட்ட இம்முறையே நாய்களின் முழங்கால் அறுவை மருத்துவத்துக்கும் தொடக்கமாக அமைந்தது.

வாழ்க்கை

குரோவ்ஸ் இந்தியாவில் பிறந்தவர். கல்வி கற்றது இங்கிலாந்தில். எலும்பு முறிவு மருத்துவம் குறித்து அவர் எழுதிய நூல் 1916 இல் வெளிவந்தது. 1913 இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய அறுவை மருத்துவ ஆய்விதழின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராகவும் விளங்கினார். இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு மாற்றாக யானைத் தந்தத்தைப் பொருத்திப் பார்த்தவர்களுள் இவரும் ஒருவர்.

முழங்கால் அறுவை மருத்துவம்

முழங்கால் மூட்டினுள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரு தசைநார்கள் உள்ளன. இவற்றுள் முன்னது, கணைக்காலெலும்பு முன்னோக்கி வழுக்காமல் தடுக்கிறது. லீட்சு நகரின் மேயோ ராப்சன் 1895 இல் அறுந்த முனைகளைத் தைத்து இணைத்திருந்தார். நைந்த தசைநாரில் தையல் நிலைப்பது அரிது. எனவே குரோவ்ஸ் தைப்பதை விடுத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையைப் போர்த்தியுள்ள தடித்த உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு அதன்வழியே செலுத்தினார். 1920 இல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, பயன்பெறாதவர்களையும் அவர் மறைக்கவில்லை.

நாய்களுக்கான மருத்துவத்தில் தாக்கம்

நாய் பின்னங்காலைத் தூக்கியபடி நொண்டுவதற்கு இத்தசைநார் அறுவது மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்றாகும். குரோவ்ஸ் இறந்து எட்டாண்டுகள் கழிந்தபின், 1952 இல், பின்லாந்துக் கால்நடை மருத்துவர் சாகி பாட்சாமா தம் ஆய்வேட்டில் இதே தொடையுறைப் பட்டை முறையை நாய்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அதுவரை பெரும்பாலும் ஓய்வு மட்டுமே மருந்தாக இருந்தது.

ஆயினும் நாயின் முழங்கால் மனிதரின் முழங்காலைப் போன்றதன்று. விளையாட்டு வீரருக்குத் தசைநார் பெரும்பாலும் ஒரு நொடியில் அறுகிறது. நாய்க்கோ அது பல மாதங்களாக நைந்து, பின்னர் சிறு ஓட்டத்தில் அறுகிறது. ஒரு கால் பாதிக்கப்பட்ட நாய்களுள் பலவற்றுக்கு மறுகாலும் பின்னர் அவ்வாறாவது இதனாலேயே. மேலும், நாய் முழங்காலை மடித்தே நிற்கிறது; அதன் கணைக்காலெலும்பின் மேற்பரப்பு ஏறத்தாழ 25 பாகை பின்னோக்கிச் சரிந்துள்ளது. காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் எலும்பு முன்னே தள்ளப்படுவதால், புதிதாக வைத்த பட்டையும் அதே இழுவிசைக்கு உள்ளாகிறது.

1970களில் மூட்டுக்கு வெளியே வலிய நூலால் கட்டும் முறை பரவியது. அமெரிக்காவின் பார்க்லே சுலோகம் வேறு வழியில் சிந்தித்தார். 1993 இல் அவர் விளக்கிய முறையில் தசைநார் மாற்றப்படுவதே இல்லை. எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்துச் சுழற்றி, சரிவை 5 பாகையளவுக்குக் குறைத்து, உலோகத் தகட்டால் பொருத்துவர். தள்ளும் விசை நீங்கினால் தடுக்கும் நாருக்குத் தேவை குறையும் என்பதே இதன் அடிப்படை. பெரிய நாய்களுக்கு இது இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. ஏறத்தாழ 15 கிலோகிராமுக்குக் குறைந்த நாய்களுள் பல, எடைக் குறைப்பாலும் ஓய்வாலும் ஓரளவு தேறுகின்றன. மூட்டுத் தேய்வு எம்முறையிலும் முற்றிலும் நிற்பதில்லை.

அறுவைக்குப் பிந்திய வாரங்கள் அறுவையைப் போலவே முக்கியமானவை. அறுத்த எலும்பு கூட ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஆகும். வலி குறைந்ததும் நாய் ஓட முற்படும். தன் எலும்பு இன்னும் கூடவில்லை என்பதை அது அறியாது. ஆகவே கழிப்புக்கு மட்டும் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துதல், படியேறவும் தாவவும் விடாதிருத்தல் ஆகியன வலியுறுத்தப்படுகின்றன. எக்சு-கதிர்ப் படத்தில் எலும்பு கூடியது தெரிந்த பின்னரே நடை சிறிது சிறிதாக நீட்டப்படும்.

நாய்களில் பட்டை பொருத்தும் வழக்கம் இவ்வாறு அருகிவிட்டது. மனிதரிலோ, இன்று பெரும்பாலும் தசைநாண்களைக் கொண்டு, குரோவ்ஸ் காட்டிய வழியிலேயே எலும்பில் துளையிட்டுப் புதிய தசைநார் அமைக்கப்படுகிறது.