ஹெடி லாமார் அம்மையார்

மடிக்கணினி ஒன்று கைவரப்பெற்ற மாணவர் அடுத்து வாங்க விழைவது பெரும்பாலும் கம்பியில்லா மவுஸே ஆகும். கடையினுட் புகுந்தவுடன் அவர் முதற்கண் நோக்குவது அதன் நிறம், பின்னர் வடிவம், அதன் பின்னர் விலை. கம்பியின் துணையின்றி அச்சிறு கருவி கணினியோடு எவ்வாறு தொடர்பு கொள்கின்றது என்பதையும், ஒரு நூலகக் கூடத்தில் நாற்பது மவுஸ்கள் ஒருங்கே இயங்கினும் ஒன்றன் அலை மற்றொன்றன் அலையை அழித்துவிடாதிருப்பது எங்ஙனம் என்பதையும் வினவுவார் மிகச் சிலரே. மவுஸ் என்னும் கருவியை 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் எண்ணி ஆக்குவித்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பேரறிஞர். மரத்தாற் செய்யப்பெற்ற அம்முதற் கருவிக்கு வால் போன்று ஒரு கம்பி இருந்தது. அவ்வாலை நீக்குதற்குத் துணைபுரிந்த கருத்துகளுள் ஒன்று, அதற்கு இருபதாண்டுகட்கு முன்னரே பத்திரம் ஒன்றில் எழுதப்பட்டிருந்தது. எழுதினோர் இருவர்: ஒருவர் இசைவாணர், மற்றொருவர் திரைப்பட நடிகை. அந்நடிகையின் வரலாற்றையே ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

ஹெடி லாமார் என்று உலகம் அறிந்த அம்மையார் 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹெட்விக் ஈவா மரியா கீஸ்லர் என்பது. குடும்பம் யூத மரபினது. தந்தையார் எமில் கீஸ்லர் வங்கி அலுவலர். தாயார் கெர்ட்ரூட் பியானோ வாசிப்பில் வல்லவர். தந்தையார் தம் ஒரே மகளை உடனழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு உலாவச் செல்வார். வழியிற் காணும் டிராம் வண்டி எவ்வாறு ஓடுகின்றது, அச்சியந்திரம் எவ்வாறு இயங்குகின்றது என்று ஒவ்வொன்றாய் விளக்குவார். ஐந்து வயதினதாகிய அக்குழந்தை தன் இசைப்பெட்டியைத் திருகு திருகாய்க் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தது என்பர். தந்தைபாற் பெற்ற இயந்திர ஆர்வமும், தாய்பாற் பெற்ற பியானோப் பழக்கமும் பின்னாளில் ஒருங்கு கூடிப் பயன் தந்த வகையைப் பின்னர்க் காண்போம்.

பதினாறு வயது நிரம்பிய பின் பள்ளியை விடுத்து நடிப்புத்துறையிற் புகுந்தார். 1933இல் வெளிவந்த செக்கோஸ்லோவாக்கியத் திரைப்படமொன்றில் அக்காலத்தார் கண்டு நாணிய காட்சிகள் சில இருந்தமையால், பதினெட்டு வயதிலேயே புகழும் பழியும் ஒருங்கே வந்தெய்தின. அவ்வாண்டிலேயே பிரிட்ஸ் மாண்டல் என்னும் பெருஞ்செல்வர் அவரை மணந்தார். மாண்டல் படைக்கலத் தொழிலதிபர்; இத்தாலிய நாட்டுச் சர்வாதிகாரியாகிய முசோலினியின் அரசுக்குப் படைக்கலம் விற்றவர். அவர் மாளிகை விருந்துகளில் படைத்தலைவரும் பொறியியலாரும் கூடிப் புதிய குண்டுகளையும் அவற்றைச் செலுத்தும் முறைகளையும் பற்றிப் பேசுவர். அருகே அமர்ந்திருந்த இளம் மனைவியை அழகிய அணிகலனாகவே அவர்கள் கருதினர். அவர் செவி திறந்திருந்ததை ஒருவரும் எண்ணிற்றிலர்.

பொற்கூடும் கூடே. கணவர் அவரை நடிக்கவும் விட்டிலர். தனியே வெளிச்செல்லவும் விட்டிலர். 1935இல் அன்புத் தந்தையாரும் உலக வாழ்வை நீத்தார். 1937இல் அவர் அம்மாளிகையினின்றும் ஒருவரும் அறியாது வெளியேறிப் பாரிஸ் வழியாக லண்டன் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவிற் புகுந்தது. யூத மரபினர் அங்குப் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. லண்டனில் அமெரிக்கப் படக்கம்பெனித் தலைவராகிய லூயி மேயரைக் கண்டார். பின்னர் நார்மண்டி என்னும் பெருங்கப்பலில் அவரும் சென்ற பயணத்திலேயே தாமும் இடம்பெற்று, அமெரிக்கக் கரை சேருமுன் நல்லதோர் ஒப்பந்தமும் லாமார் என்னும் புதுப் பெயரும் பெற்றார்.

1938இல் அல்ஜியர்ஸ் என்னும் படம் வெளிவந்தது. அன்று முதல் உலகப் பேரழகி என்னும் விளம்பரம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1949இல் வெளிவந்த சிம்சோன் தெலீலாள் கதைப் படத்தில் தெலீலாளாக நடித்தவரும் இவரே. நியாயாதிபதிகள் ஆகமத்தைப் படித்த நம் கல்லூரியார்க்கு அப்பாத்திரம் புதிதன்று: அழகால் மயக்கி, வலியவனின் மறைபொருளை அறிந்தவள் அவள். பிறர் மறைபொருளை அழகாற் கவர்பவராகப் பட முதலாளிகள் நிறுத்திய இவ்வம்மையாரோ, மெய் வாழ்வில், மறைபொருளைப் பிறர் கவராது காக்கும் வழியொன்றைத் தம் அறிவாற் கண்டவர்.

நடிப்பு முடிந்த மாலைகளில் அவர் கேளிக்கைக் கூடங்களை நாடினாரல்லர். இல்லத்தில் வரைபலகையும் பொறிநூல்களும் வைத்திருந்தார். நீரில் இட்டாற் கரைந்து பானமாகும் கட்டியொன்றைச் செய்ய முயன்று, அது சுவை தராமையால் விடுத்தார். அம்முயற்சிகள் வெறும் பொழுதுபோக்காய் நில்லாமல் ஒரு பெருநோக்கை அடைந்தது போர்க்காலத்திலாகும்.

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இரவு, காசி நகரின் பெயர் தாங்கிய சிட்டி ஆப் பெனாரஸ் என்னும் பிரித்தானியக் கப்பல் அட்லாண்டிக் மாகடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியின் டார்ப்பீடோவால் தாக்குண்டு மூழ்கியது. குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் 90 பேர் அதில் இருந்தனர். அவருள் 77 பேர் மாண்டனர். கப்பலில் ஊழியஞ்செய்த இந்திய மாலுமிகளுட் பலரும் மாண்டனர். அக்காலத்தில் அம்மையாரின் உள்ளம் இவ்வகைப் போரை எதிர்க்கும் வழியையே நாடிற்று.

எதிரியின் கப்பலை நோக்கி விடுத்த டார்ப்பீடோவை வானொலி அலையால் வழிநடத்தலாம் என்பது அந்நாளிலேயே அறிந்த செய்தி. ஆனால் ஓர் அலைவரிசையில் ஆணை சென்றால், பகைவன் அவ்வலைவரிசையைக் கண்டு அதன்மேற் பேரிரைச்சலைச் செலுத்தி ஆணையைக் கெடுத்துவிடுவான். அம்மையார் கண்ட வழி இது: ஆணையை ஓரிடத்தில் நிறுத்தாதே, அனுப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் முன்னரே பொருந்திய முறைப்படி ஒரே கணத்தில் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுக. எங்குத் தாவும் என்பதை அறியாத பகைவன் எதனைக் கெடுப்பான்?

கருத்து எளிது, இரு கருவிகளும் பிசகாது ஒன்றித் தாவச் செய்தல் அரிது. ஜார்ஜ் ஆன்தைல் என்னும் இசைவாணரின் துணை அதற்குக் கிடைத்தது. துளையிட்ட தாட்சுருளால் தானே இசைக்கும் பியானோக்கள் பலவற்றை ஒருங்கே இயக்க முயன்றவர் அவர். கப்பலில் ஒரு சுருளும் டார்ப்பீடோவில் அதனையொத்த ஒரு சுருளும் ஒரே விரைவிற் சுழன்றால், துளைகளின் வரிசைப்படி இரண்டும் ஒருங்கே தாவுமன்றோ? பியானோவின் கட்டைகள் 88. அவ்விருவரும் குறித்த அலைவரிசைகளும் 88. 1941 ஜூன் 10ஆம் நாள் விண்ணப்பம் செய்து, 1942 ஆகஸ்டு 11ஆம் நாள் 2,292,387 என்னும் எண்ணுடைய காப்புரிமை பெற்றனர். அதில் அம்மையார் எழுதிய பெயர் லாமார் அன்று. ஹெடி கீஸ்லர் மார்க்கி என்னும் தம் குடிப்பெயரும் மணப்பெயருமேயாம்.

அமெரிக்கக் கடற்படை அவ்வழியை அப்போரில் ஏற்றிலது. டார்ப்பீடோவினுள் அடங்காத பருமனுடையது என்று அதனை ஒதுக்கிற்று. பியானோ என்ற சொல்லைக் கேட்ட அதிகாரிகள் ஒரு முழுப் பியானோவையே குண்டினுள் நுழைக்கச் சொல்லுவதாக எண்ணினர் போலும் என்று ஆன்தைல் பின்னர் வருந்தினார். அம்மையாரின் அழகைக்கொண்டு போர்க்கடன் பத்திரம் விற்பதே நாட்டிற்குப் பெருந்தொண்டு என்று கருதப்பட்டது. அவரும் மறாது ஊரூராய்ச் சென்று பெருந்தொகைக்கு விற்றுத் தந்தார். அவர் முகத்தை ஏற்ற நாடு அவர் மூளையை ஏற்க அரை நூற்றாண்டு காலம் கடத்திற்று.

காப்புரிமையின் காலம் 1959இல் முடிந்தது. அவ்வாண்டிலேயே ஆன்தைலும் மறைந்தார். இருவரும் அதனால் ஒரு காசும் பெற்றிலர். அம்மையாரின் பிற்கால வாழ்வு இனியதன்று. அறுமுறை மணந்தார், ஆறும் மணமுறிவில் முடிந்தன. அழகு குன்றக் குன்றப் படங்களும் குறைந்தன. வழக்குகளும் மனத்துயரும் பெருகின. முதுமையில் புளோரிடா மாநிலத்தில் பிறரைக் காணாது ஒதுங்கி வாழ்ந்தார். இவற்றை மறைத்து அவரைப் புனைந்துரைத்தல் நம் நோக்கமன்று. அழகொன்றையே விலையாக இட்ட உலகம், அவ்விலை வீழ்ந்தபோது அவரைக் கைவிட்டது என்பதை மட்டும் குறித்தல் தகும்.

ஈண்டு ஒன்று ஆராயற்பாலது. புளூடூத்தின் அன்னை என்று அம்மையாரைச் சிலர் புகழ்கின்றனர்; அது மிகை. அலைவரிசை தாவும் எண்ணம் அவர்க்கு முன்னரும் சிலர்பால் தோன்றியதே. வில்லெம் பிரூர்ட்யஸ் என்னும் டச்சுக்காரர் 1932இலேயே அத்தகைய காப்புரிமை ஒன்று பெற்றிருந்தார். 1994இல் ஸ்வீடன் நாட்டு எரிக்ஸன் கம்பெனியில் புளூடூத்தை ஆக்கப் புகுந்த பொறியாளர், பின்வந்த பலருடைய உழைப்பின்மேல் நின்றே அதனை ஆக்கினர். நடிகையின் பெயரைக் கேட்டவுடன் எல்லாம் பொய்யென்று நகைப்பாரும் உளர், அது குறை. இரு முனைகளும் ஒன்றித் தாவுதலால் இடையூற்றைத் தவிர்க்கலாம் என்று இவ்விருவரும் தாமே எண்ணித் தெளிவுற எழுதிவைத்தமை ஐயமற்றது. மிகையும் குறையும் இன்றி அளந்து கொடுப்பதே மாண்டார்க்கு நாம் செலுத்தும் கடன்.

இனி நம் கையிலுள்ள மவுஸுக்கு வருவோம். கம்பியில்லா மவுஸ்களும், வைபை வலையும், நுண்ணலை அடுப்பும் நெருங்கி வழங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவெளியிலாகும். அந்நெரிசலில் பழைய முறைப் புளூடூத் 79 தடங்களிடையே ஒரு நொடிக்கு 1600 முறை தாவுகின்றது. மின்சிக்கன வகையில் தடங்கள் 40. இரைச்சல் மிக்க தடங்களை அறிந்து விலக்கிச் செல்லும் திறனும் அதற்கு உண்டு. தாட்சுருள் செய்யவிருந்த வேலையைச் சிறு சில்லு ஒன்று செய்கின்றது.

ஆதலின் தெரிந்து வாங்குவோர் அகத்தை முதலில் நோக்குக. மடிக்கணினியில் யுஎஸ்பி துளைகள் குறைவாயின் புளூடூத் மவுஸே ஏற்றது. அது துளையொன்றையும் அடைக்காது. புளூடூத் இல்லாத பழங்கணினிகளிலும் பயன்படுத்த வேண்டுவோர் சிறு ஏற்பி ஒன்றைச் செருகும் வகையைக் கொள்க. அவ்வேற்பியை இழப்பின் மவுஸும் வீணாகக் கூடும் என்பதை நினைவிற் கொள்க. விரைவு மிக்க யுஎஸ்பி 3.0 துளையில் வன்தட்டு முதலியன இயங்குங்கால் எழும் மின்னிரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியிற் பரவும். ஆகவே ஏற்பியை அதனருகே செருகாது விலக்கிச் செருகுக. கையில் அடங்குமா, மணிக்கட்டு நோகாதா, மின்கலம் எளிதிற் கிடைக்குமா என்பனவற்றையும் ஆராய்க. நிறம் இவற்றுக்கெல்லாம் பின்னரே வருதல் வேண்டும்.

1997இல் அமெரிக்காவின் மின்னணு எல்லைப்புற அறநிலையம் இவ்விருவர்க்கும் முன்னோடி விருது அளித்தது. அம்மையார்க்கு அப்போது வயது எண்பத்திரண்டு. 2000ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் அவர் இவ்வுலகை நீத்தார். 2014இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தின் புகழ்வரிசையில் இருவர் பெயரும் சேர்க்கப்பட்டன. பிறந்த வியன்னாவும் அவ்வாண்டில் தன் பெரிய கல்லறைத் தோட்டத்தில் அவர்க்குச் சிறப்பிடம் அளித்தது.

நம் வகுப்புகளிலும் ஓரத்தில் அமைதியாய் அமர்ந்து செவி திறந்திருப்போர் உளர். தோற்றத்தையும் ஆரவாரத்தையும் கண்டு ஒருவரை மதிப்பதும், அவையின்மை கண்டு மற்றொருவரை ஒதுக்குவதும் மாணாக்கராகிய நம்பாலும் காணும் வழக்கமே. சிறு கருவி ஒன்றைத் தெரிதற்கே அகம் நோக்குதல் வேண்டுமாயின், மக்களைத் தெரிதற்கு அது எத்துணை வேண்டும்! காலங்கடந்து தந்த விருதுகள் அம்மையார்க்குப் பெரிதும் பயன்படவில்லை. நாம் அளிக்க வேண்டிய மதிப்பை உரிய காலத்திலேயே அளிப்போமாக.